எப்போ கை கொடுக்கறது?



மஞ்சளுக்கு மண் அணைக்கறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். மனசுல வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அதை எழுதிட்டாத்தான் மண்வெட்டியைத் தொட முடியும் போல இருக்கு.

விசயம் செஸ்ஸைப் பத்தினது. "தோட்டக்காரனுக்கு எதுக்குய்யா செஸ்ஸு"ன்னு கேக்காதீங்க. 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்போ, வேட்டி கட்டின குதிரை 'தம்பி' படம் எங்க ஊர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துச்சு. அரசுப் பள்ளிக்கூடங்கள்ல எல்லாம் போட்டி வெச்சாங்க. எங்க சின்னவனுக்கு அப்போ புடிச்ச கிறுக்கு இன்னும் இறங்கலை. அவன் கூட ஆடறதுக்கு ஆள் இல்லாம என்னையும் உக்கார வெச்சு, இப்போ எனக்கும் புடிச்சுக்கிச்சு. சாயங்காலம் தண்ணி கட்டி முடிச்சதும் கோயில் மேடையில நாலஞ்சு போர்டு விரிஞ்சிரும்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால பக்கத்து டவுன்ல ஒரு போட்டிக்கு அவனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். மொத்தம் ஏழு ரவுண்டு. ஆறு ரவுண்டு முடிஞ்சப்போ நாலரைப் புள்ளி. கடைசி ரவுண்டுல டிரா பண்ணினாக்கூட அஞ்சு. அஞ்சு வந்தா கோப்பை வாங்கற பத்துப் பேர்ல ஒருத்தனா வந்திருப்பான். நான் கயிறு கட்டின எல்லைக்கு வெளியே நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு பையன் கடிகாரத்தை நிறுத்திட்டு எதிராளிக்குக் கை கொடுத்துட்டான். மூஞ்சி செவந்து போச்சு, ஆனா அழுகலை. மரியாதையா எந்திரிச்சு வந்தான். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

அப்போ பக்கத்து போர்டுல ஆடி முடிச்ச ஒரு பொண்ணு, பத்தாவது படிக்கும் போல, ஓடி வந்து, "தம்பி, ஏன் கை கொடுத்தே? மூலைக்குப் போயிருந்தா டிரா தானே?"ன்னு கேட்டுச்சு. போர்டுல காய்களை அடுக்கிக் காட்டுச்சு. இவன்கிட்ட வெறும் ராஜா. எதிராளிகிட்ட ராஜா, ஒரு பிஷப், ஓரத்துச் சிப்பாய் ஒண்ணு. பாக்கறதுக்கு இவனுக்கு வழியே இல்லை. ஆனா ஓரத்துச் சிப்பாய் ராணி ஆகணும்னா மூலைக் கட்டத்துக்குத்தான் போயாகணும். பிஷப் ஒரே நிறக் கட்டத்துல தான் ஓடும். அந்த மூலை வெள்ளைக் கட்டம், இவங்க பிஷப் ஓடினதோ கறுப்புக் கட்டத்துல. ராஜா ஒரு தடவை அந்த மூலையில போய் உக்காந்துட்டா, அப்புறம் எத்தனை பேர் வந்தாலும் கெளப்ப முடியாது. ரொம்ப நெருக்கினா நகர இடமில்லாம ஸ்டேல்மேட் ஆயிரும், அதுவும் டிரா. இவன் ராஜா அந்த மூலைக்கு ரெண்டு கட்டம் தள்ளி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

பையன் போர்டைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். "அப்பா தானே தோத்துட்டா இழுக்காதேன்னு சொன்னாரு"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னான்.

வாஸ்தவம் தான். ரெண்டு மாசத்துக்கு முன்னால கோயில் மேடையில ஒரு நாள், இவன்கிட்ட ராஜா மட்டும் மிச்சம். எதிர்ல ஆடின பையன்கிட்ட ராணி, யானை ரெண்டும் இருந்துச்சு. அவன் பெரிய பையன், நல்லா ஆடறவன். அப்படியிருந்தும் இவன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அஞ்சு நிமிசம் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தான். இருட்டி, அடுத்த ஜோடி போர்டுக்குக் காத்துக்கிட்டு நின்னாங்க. நான் தான் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன். "தோத்துட்டா ஒத்துக்க பழகணும்டா. இழுத்துக்கிட்டு உக்காந்தா அசிங்கம்"னு. அதை அவன் அப்படியே மனசுல வெச்சுக்கிட்டான்.

வீடு வர்ற வரைக்கும் பஸ்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கலை. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டான். நான் யோசிச்சுக்கிட்டே வந்தேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

அதுக்குக் காரணம் எங்கய்யன். 2003-ல கிணறு வத்திப்போச்சு. போர் போட்டார். 450 அடி போயும் புகை தான் வந்துச்சு. "இன்னும் நாலு ராடு எறக்குனா கெடைக்கும்"னு வண்டிக்காரர் சொன்னார். எறக்குனாங்க, புகை தான். அடுத்தது தேங்காய் வெச்சு நீரோட்டம் பாக்கறவர் ஒரு இடம் காட்டினார். அங்கே 600 அடி. அதுக்கு அப்புறம் மூணாவது ஒண்ணு, 750 அடி. எல்லாமே மண்ணுக்குள்ள வெச்ச காசு. அம்மாவோட சங்கிலி போச்சு. மேக்கால காடு ரெண்டு ஏக்கர் போச்சு. எப்போ நிறுத்தணும்னு அவருக்குத் தெரியலை. இவ்வளவு போட்டாச்சு, இப்போ விட்டா போட்டதெல்லாம் வீண்னு தான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்தப் புகையை வேலியோரம் நின்னு பாத்த பையன் நான். அன்னைக்கு முடிவு பண்ணினேன், நான் எதுலயும் இழுக்க மாட்டேன்னு.

அந்த முடிவும் என்னைக் காப்பாத்தலைங்க. 2017 பஞ்சத்துல தென்னை காஞ்சப்போ, அய்யன் மாதிரி ஆகக் கூடாதுன்னு அவசரப்பட்டு நாப்பது மரத்தை வெட்டிச் செங்கல் சூளைக்குக் குடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி அண்ணன், லாரித் தண்ணி வாங்கி ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு குடமா ஊத்திக்கிட்டு இருந்தார். "குருத்து இருக்குதுடா, பாத்துட்டு வெட்டு"ன்னார். மட்டை எல்லாம் தொங்கிப் போனதுக்கு அப்புறம் குருத்தை என்னத்தைப் பாக்கறதுன்னு நான் காதுல போட்டுக்கலை. ஆவணியில மழை எறங்குச்சு. அவர் மரம் பாதிக்கு மேல தப்பிச்சுது. இன்னைக்கும் அவர் தோப்பு நிழல் காலைல என் வெத்துக்காட்டு மேல விழுது.

ஆக, ஒருத்தர் நிறுத்தத் தெரியாம கெட்டார், இன்னொருத்தன் சீக்கிரம் நிறுத்திக் கெட்டான். மூணாவது தலைமுறைக்கு என்ன சொல்லிக் குடுக்கறது? அதான் கேள்வி.

செஸ்ஸுல கை கொடுக்கறதைப் பத்தி ரெண்டு கட்சி இருக்குது. ஒரு கட்சி, எப்பவுமே கை கொடுக்காதே, செக்மேட் ஆகற வரைக்கும் ஆடுன்னு சொல்லும். சின்னப் பசங்களுக்கு நிறைய கோச்சுங்க சொல்றது இதைத்தான். இன்னொரு கட்சி, தோத்த ஆட்டத்தை இழுக்கறது எதிராளியை அவமானப்படுத்தற மாதிரி, உனக்கு ஜெயிக்கத் தெரியாதுன்னு சொல்ற மாதிரின்னு சொல்லும். பெரிய ஆட்டக்காரங்க நடுவுல இதுதான் வழக்கம். அவங்க ஆட்டத்துல செக்மேட் ஆகி முடியறது அபூர்வம், பெரும்பாலும் கை கொடுத்துத்தான் முடியும்.

ரெண்டு கட்சியும் பாதி தான் சரின்னு இப்போ தோணுது.

நம்ம ஆனந்தை எடுத்துக்கங்க. 2013 நவம்பர்ல சென்னையில கார்ல்சன் கூட உலகச் சாம்பியன் போட்டி. ஒம்பதாவது ஆட்டம். ஆனந்துக்கு ஜெயிச்சே ஆகணும்கற நிலைமை. நல்லா தாக்கிக்கிட்டுத்தான் இருந்தார். 28-வது நகர்த்தல்ல ஒரு குதிரையைப் பின்னால வெச்சார், அது தப்பாப் போச்சு. கார்ல்சன் ராணியை ஒரு கட்டத்துல வெச்ச உடனே ஆனந்த் கை கொடுத்துட்டார். ஒரு நகர்த்தல் கூட இழுக்கலை. சொந்த ஊர்ல, சொந்த ஜனங்க முன்னால, பட்டம் கையை விட்டுப் போற நேரம். ஆனா அடுத்து என்ன நடக்கும்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியும். அது எதிர்ல இருக்கறவருக்கும் தெரியும்னு அவருக்குத் தெரியும். அது சரியான கை கொடுப்பு.

இன்னொரு பக்கம் பாருங்க. 1997 மே மாசம் நியூயார்க்ல காஸ்பரோவ், டீப் ப்ளூங்கற கம்ப்யூட்டர் கூட ஆடினார். ரெண்டாவது ஆட்டத்துல 45-வது நகர்த்தலோட கை கொடுத்துட்டார். ஆட்டம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஆராய்ஞ்சவங்க, தொடர்ந்து செக் வெச்சு டிரா பண்ண அதுல ஒரு வழி இருந்துச்சுன்னு காட்டினாங்க. அன்னைக்கு உலகத்துலயே பெரிய ஆட்டக்காரர் அவர் தான். மெஷின் அன்னைக்கு ஆடின ஆட்டத்தைப் பாத்து, அது இப்படி ஒரு ஓட்டையை விட்டு வெச்சிருக்காதுன்னு நம்பிட்டார்னு தான் பலரும் சொல்றாங்க. கடைசியில அந்தப் போட்டியையே மூணரைக்கு ரெண்டரைன்னு தோத்தார்.

அதை விடக் கொடுமை 1902-ல மான்டி கார்லோவுல நடந்தது. மார்கோன்னு ஒரு ஆட்டக்காரர், தன்னோட பிஷப் மாட்டிக்கிச்சு, காப்பாத்த முடியாதுன்னு போப்பியேல்கிட்ட தோல்வியை ஒத்துக்கிட்டார். அந்த பிஷப்பை எதிராளி ராஜாவுக்குப் பக்கத்துல ஒரு கட்டத்துல வெச்சிருந்தா அவரே ஜெயிச்சிருப்பார். டிரா கூட இல்லைங்க, ஜெயிக்கற ஆட்டம்!

அப்புறம் நம்ம குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல 14-வது ஆட்டம். அது டிராவை நோக்கித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. டிங் லிரென் 55-வது நகர்த்தல்ல யானையைத் தப்பான கட்டத்துல வெச்சார், குகேஷ் பதினெட்டு வயசுல உலகச் சாம்பியன் ஆயிட்டார். டிங் தன்னோட தப்பைப் பாத்ததுக்கு அப்புறம் ரொம்ப இழுக்கலை, மூணு நகர்த்தல்ல கை கொடுத்துட்டார். அடுத்த வருசம் ஜூன்ல நார்வேயில அதே குகேஷ் கார்ல்சன்கிட்ட ரொம்ப நேரம் தோக்கற நிலைமையில இருந்தார். கை கொடுத்திருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. கொடுக்கலை. கார்ல்சனுக்குக் கடிகாரத்துல நேரம் கம்மியாயிக்கிட்டு வந்துச்சு. ஒரு தப்பு பண்ணினார். ஆட்டம் தலைகீழாச்சு. கார்ல்சன் மேசையில ஓங்கிக் குத்தினதை நீங்களும் போன்ல பாத்திருப்பீங்க.

இதையெல்லாம் வெச்சு நான் பையனுக்குச் சொல்றதுக்கு மூணு கேள்வி எழுதி வெச்சிருக்கேன்.

முதல் கேள்வி: எதிராளி எப்படி ஜெயிப்பார்னு உனக்குத் தெரியுதா? "காய் கம்மியா இருக்குது"ங்கறது பதில் இல்லை. இதுக்கு அப்புறம் இது, அதுக்கு அப்புறம் அதுன்னு கடைசி வரைக்கும் நீயே அவர் பக்கம் உக்காந்து ஆடி முடிக்க முடியணும். முடியலைன்னா நீ இன்னும் தோக்கலை, தோக்கற மாதிரி இருக்குது, அவ்வளவு தான். மார்கோவும் எங்க சின்னவனும் விட்டது இந்த இடத்துல தான். பங்காளி அண்ணன் சொன்ன குருத்தும் இதுதான். மட்டை தொங்குறதைப் பாத்து மரம் செத்துப்போச்சுன்னு சொல்லக் கூடாது. தென்னைக்கு உயிர் ஒரே இடத்துல தான், அதைத் தொட்டுப் பாக்கணும்.

ரெண்டாவது கேள்வி: எதிராளிக்கு அது தெரியுமா? தெரிஞ்சாலும் நேரம் இருக்கா? பத்து வயசுப் பையன் ராணியை வெச்சுக்கிட்டு மேட் பண்ணத் தெரியாம திணறுவான். மூலையில நிக்கற ராஜாவுக்குக் குதிரை தாவற தூரத்துல ராணியைக் கொண்டு வந்து வெச்சு ஸ்டேல்மேட் பண்ணிட்டு, அப்புறம் அழுவான். அவன்கிட்ட ஆடும்போது கை கொடுக்க வேண்டியதே இல்லை. அது அவனுக்கும் பாடம். கார்ல்சன்கிட்டயே கூட, கடிகாரத்துல சில வினாடி தான் மிச்சம்னா உக்காந்திருக்கறது தப்பில்லைன்னு குகேஷ் காட்டிட்டார்.

மூணாவது கேள்வி தான் கஷ்டம்: நீ இப்போ எந்திரிக்கறது, இல்லேன்னா உக்காந்திருக்கறது, எதனால? கோவத்துல கை கொடுக்கக் கூடாது. வெட்கத்துல, பசியில, "பாக்கறாங்களே"ங்கறதுக்காகக் கொடுக்கக் கூடாது. கொடுத்துட்டா அதோட முடிஞ்சுது, திருப்பி வாங்க முடியாது, அது தான் விதி. அதே மாதிரி வீம்புக்காக உக்காந்திருக்கவும் கூடாது. எங்கய்யன் மூணாவது போர் போட்டது தண்ணி கெடைக்கும்னு நம்பி இல்லைங்க. முதல் ரெண்டும் தப்புன்னு ஒத்துக்க மனசு வரலை. இதை நான் அவரைக் குறை சொல்றதுக்காக எழுதலை. அவர் நெலமையில நான் இருந்திருந்தா நாலாவது போட்டிருப்பேனோ என்னவோ.

மூணு கேள்விக்கும் நேர்மையா பதில் சொல்லி, குருத்தும் காஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா, அப்போ நகர்த்தாம கடிகாரத்தை ஓட விட்டுக்கிட்டு உக்காராதே. அதுல ஒரு புண்ணியமும் இல்லை. கடிகாரத்தை நிறுத்து, எதிராளி மூஞ்சியைப் பாத்துக் கை கொடு, "நல்லா ஆடினீங்க"ன்னு சொல்லு. முடிஞ்சா எங்கே விட்டேன்னு ரெண்டு பேரும் போர்டுல திருப்பி ஆடிப் பாருங்க. கோயில் மேடையில அன்னைக்கு இவன் இழுத்தது தப்பு தான். எதிர்ல இருந்த பையனுக்கு மேட் பண்ணத் தெரியும்னு ஊருக்கே தெரியும். நான் சத்தம் போட்டதும் அந்த ஆட்டத்துக்குச் சரி தான். ஒரு ஆட்டத்துக்குச் சொன்னதை எல்லா ஆட்டத்துக்கும்னு அவன் எடுத்துக்கற மாதிரி சொன்னது தான் என் தப்பு.

இன்னொண்ணும் சொல்லணும். ஒலிம்பியாட் மாதிரி அணியா ஆடும்போது நாலு போர்டு. ஒருத்தர் விடற அரைப் புள்ளி மத்த மூணு பேரோடதும் தான். அங்கே என் கௌரவம், என் வெட்கம்னு தனியாக் கை கொடுக்கறதுக்கு யோசிக்கணும். குடும்பமும் அப்படித்தான். அய்யன் போர் போட்டப்போ அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நான் தென்னையை வெட்டினப்போ வீட்டுக்காரிகிட்ட கேக்கலை. ரெண்டு தப்புலயும் பொதுவா இருந்தது இது ஒண்ணு தான்னு இப்போ எழுதும்போது தான் கண்ணுக்குத் தெரியுது.

எங்க ஊர்ப் பெருசுங்க ஆடுபுலி ஆட்டத்துல யாரும் கை கொடுத்து நான் பாத்ததில்லை. மூணு புலியும் கட்டுப்பட்டு நகர முடியாம நிக்கற வரைக்கும் ஆடுவாங்க, அப்புறம் துண்டை உதறிக்கிட்டு எந்திரிப்பாங்க. தாயத்துல கை கொடுக்கறதுங்கற பேச்சே கிடையாது. கடைசிக் காய் பழம் ஆகற வரைக்கும் எந்தத் தாயம் யாருக்கு விழும்னு சொல்ல முடியாது. செஸ்ஸுல தாயக்கட்டை இல்லை, அதனால தான் முன்னாடியே முடிவு தெரியுது. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறது மனுசன். அவனுக்கும் கை நடுங்கும், தூக்கம் வரும், கடிகாரம் ஓடும். அது தான் செஸ்ஸுல இருக்கற தாயக்கட்டை.

நேத்து சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "கண்ணு, நான் சொன்னது பாதி தான், மீதியைக் கேளு"ன்னு இதையெல்லாம் சொன்னேன். தென்னை மரக் கதையையும் சொன்னேன். அது வரைக்கும் அவனுக்குத் தெரியாது. அந்த வெத்துக்காடு எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சுன்னு நெனச்சிருக்கான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் போர்டை எடுத்துக்கிட்டு வந்து, அந்த பிஷப்பையும் ஓரத்துச் சிப்பாயையும் என் பக்கம் வெச்சு, "ஜெயிங்க பாக்கலாம்"னான்.

அரை மணி நேரம் முட்டிப் பாத்தேன். மூலையை விட்டு அவனைக் கெளப்ப முடியலை.

அடுத்த வாரம் மஞ்சளோட வர்றேங்க. அதுக்குள்ள, நீங்க சீக்கிரம் விட்டு ஏமாந்தது, விடாமப் புடிச்சு ஏமாந்தது எது இருந்தாலும் சொல்லுங்க. பையனுக்கும் படிச்சுக் காட்டறேன்.